150 ஏஎச் டியூபுலர் பேட்டரி: தண்ணீரே கேட்காத செல்தான் நல்ல செல்லா?

மாடிவீடு_திருச்சி கேட்டது:

வணக்கம். வீட்டில் 900 விஏ இன்வெர்ட்டர், 150 ஏஎச் (ஆம்பியர்-மணி) உயர டியூபுலர் பேட்டரி. வாங்கி மூன்றரை வருடம். மூன்று ஃபேன், நான்கு எல்.இ.டி. லைட், ஒரு டிவி, எல்லாம் சேர்த்து 300 வாட் பக்கம் ஓடும். முன்பு மூன்று மணி நேரத்துக்கு மேல் தாங்கியது. இப்போது நாற்பது நிமிடத்தில் பீப் அடித்து நின்றுவிடுகிறது.

மல்டிமீட்டரில் 12.4 வோல்ட் காட்டுகிறது. நெட்டில் கிடைக்கும் அட்டவணைப்படி அது முக்கால் பங்கு சார்ஜ். முக்கால் பங்கு இருந்தும் ஏன் நாற்பது நிமிடம்?

இன்னொன்று. முதல் இரண்டு வருடம் மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை தண்ணீர் ஊற்றினால் போதும். இப்போது மாதா மாதம் ஊற்ற வேண்டியிருக்கிறது. ஐந்து செல்லில் தண்ணீர் மட்டம் காட்டும் மிதவை சிவப்புக்கு இறங்கிவிடுகிறது. பாசிட்டிவ் பக்கத்திலிருந்து நான்காவது செல் மட்டும் தண்ணீரே கேட்பதில்லை. அது ஒன்றுதான் நன்றாக இருக்கிறது, மற்ற ஐந்தும் வீக் ஆகிவிட்டன என்று நினைக்கிறேன். பார்க்க வந்த மெக்கானிக் பழைய ஆசிட்டைக் கொட்டிவிட்டுப் புது ஆசிட் ஊற்றினால் சரியாகிவிடும் என்கிறார். செய்யலாமா?

கம்பிவேலை எழுதியது:

ஆசிட்டில் கை வைக்க வேண்டாம். மற்றதெல்லாம் பிறகு.

காரணம் இது. முழு சார்ஜில் பாசிட்டிவ் பிளேட்டில் லெட் டை ஆக்சைடு, நெகட்டிவ் பிளேட்டில் பஞ்சு போன்ற ஈயம், நடுவே நீர்த்த சல்ஃப்யூரிக் ஆசிட். கரண்ட் எடுக்க எடுக்க இரண்டு பிளேட்டிலும் லெட் சல்பேட் படிகிறது. ஆசிட்டில் இருந்த சல்பேட் பிளேட்டுக்குள் போய்விடுவதால் மிஞ்சுவது தண்ணீராகிக்கொண்டே வருகிறது. சார்ஜ் போட்டால் அந்த சல்பேட் மறுபடி ஆசிட்டுக்குத் திரும்பும். ஆக, கிராவிட்டி (தண்ணீரை 1 என்று வைத்தால் ஆசிட் எவ்வளவு கனம் என்ற எண்) குறைந்திருக்கிறது என்றால் ஆசிட் எங்கும் ஓடிவிடவில்லை, பிளேட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது. அதன் மேல் புது ஆசிட் ஊற்றினால் மீட்டர் நல்ல எண் காட்டும், பிளேட்டில் சார்ஜ் ஏறியிருக்காது. பிறகு நன்றாக சார்ஜ் ஆகும்போது பழைய சல்பேட்டும் வெளியே வந்து ஆசிட் தேவைக்கு மேல் காரமாகி, பாசிட்டிவ் பிளேட்டின் ஈயக் கம்பியையே அரிக்கும். ஒரு வாரத்துக்கு பேக்கப் கூடினது போல இருக்கும், அவ்வளவுதான்.

12.4 வோல்ட்டை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. நீங்கள் பார்த்த அட்டவணை கார் பேட்டரிக்கு உரியது. அதில் ஆசிட் காரம் கூடுதல், முழு சார்ஜில் 1.270 வாக்கில் இருக்கும். நம் ஊர் இன்வெர்ட்டர் டியூபுலர் முழு சார்ஜிலேயே 1.240 தான். வெப்பமான ஊரில் பிளேட் நாள்பட இருக்க வேண்டும் என்று வேண்டுமென்றே நீர்க்க வைத்திருக்கிறார்கள். ஒரு செல்லின் வோல்டேஜ் தெரிய கிராவிட்டியோடு 0.845 கூட்டுங்கள். 1.240 என்றால் 2.085, ஆறு செல்லுக்கு 12.5. உங்கள் பேட்டரிக்கு 12.5 தான் முழு சார்ஜ், சார்ஜ் நின்று ஓய்ந்த பிறகு 12.7 எந்தக் காலத்திலும் வராது.

எனவே வோல்ட் மீட்டரை வைத்துவிட்டு, கிராவிட்டி அளக்கும் ஹைட்ரோமீட்டர் எடுங்கள். பேட்டரிக் கடையில் ரப்பர் பல்ப் வைத்த கண்ணாடிக் குழாய் மலிவாகவே கிடைக்கும். சிவப்பு பச்சை நிறம் மட்டும் போட்டது வேண்டாம், எண் அச்சிட்டதாக வாங்குங்கள்.

இரவு முழுக்க சார்ஜ் ஆகட்டும். காலையில் இன்வெர்ட்டரை அணைத்து, மெயின் பிளக்கையும் எடுத்துவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். அன்று தண்ணீர் ஊற்றியிருக்கக் கூடாது; ஊற்றிய தண்ணீர் மேலேயே மிதந்து எண்ணைக் குறைத்துக் காட்டும். மிதவையை நேராக மேலே உருவி, சொட்டாமல் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். குழாயை விட்டு இரண்டு முறை உறிஞ்சி விட்டபின் மூன்றாவது முறை படியுங்கள். கண்ணாடிக் குழாய்க்குள் இருக்கும் எண் போட்ட மிதவை குழாயின் பக்கத்தில் ஒட்டாமல் நிற்க வேண்டும், கண் அந்த மட்டத்துக்கு வர வேண்டும். உறிஞ்சியதை அதே செல்லில் விட்டுவிடுங்கள், பக்கத்துச் செல்லில் விடாதீர்கள். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு ரப்பர் உறை, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். கண்ணில் தெறித்தால் குறைந்தது 15 நிமிடம் விடாமல் தண்ணீரால் கழுவிவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். பழைய சட்டை போட்டுக்கொள்ளுங்கள். பருத்தித் துணியில் விழுந்த துளி அப்போது தெரியாது, அடுத்த சலவையில் ஓட்டையாக வரும்.

பாசிட்டிவ் பக்கத்திலிருந்து வரிசையாக ஆறு எண்ணையும் இங்கே போடுங்கள். வெப்பநிலையும் சொல்லுங்கள். எண்கள் 27 டிகிரிக்கு உரியவை. அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் 7 புள்ளி, அதாவது 0.007, கூட்டிக்கொள்ள வேண்டும் (1.240 ஐ 1240 என்றும் சொல்வோம்).

மாடிவீடு_திருச்சி:

பார்த்துவிட்டேன். அறை 30 டிகிரி. 1235, 1230, 1235, 1150, 1230, 1235. அந்த நேரத்தில் வோல்டேஜ் 12.40.

நான்காவதுதான் குறைவு. குழப்பமாக இருக்கிறது. தண்ணீர் குடிக்காத செல் அதுதானே?

பழைய_மீட்டர் எழுதியது:

குழப்பமே இல்லை, உங்கள் எண்களே கதையைச் சொல்லிவிட்டன. நீங்கள் நல்லது என்று நினைத்த செல் செத்துக்கொண்டிருக்கிறது. வீக் என்று நினைத்த ஐந்தும் நன்றாக இருப்பதால்தான் தண்ணீர் குடிக்கின்றன.

முதலில் வோல்டேஜ். 1.235 உள்ள செல் சுமார் 2.08 வோல்ட். ஐந்துக்கு 10.4. நான்காவது 1.150 உடன் 0.845, சுமார் 2.0. மொத்தம் 12.4. ஒரு செல் பாதிக்கு மேல் காலியாக இருந்தும் மொத்த வோல்டேஜில் இறங்கியது 0.1 தான். அதனால்தான் வெளி டெர்மினலில் மீட்டர் வைத்தால் இந்த நோய் தெரிவதில்லை.

அடுத்து தண்ணீர். சார்ஜர் 13.8 வோல்ட்டில் நிறுத்திவைக்கிறது என்று வையுங்கள். ஆறு செல்லும் சமமாக இருந்தால் ஆளுக்கு 2.3. நான்காவது 2.0 ஐத் தாண்ட மறுக்கிறது. மீதி 11.8 ஐ ஐந்து செல் பங்கு போட்டால் ஆளுக்கு 2.36. பூஸ்ட் சார்ஜில் 14.4 க்கு ஏறும்போது அந்த ஐந்தும் 2.48 க்குப் போய்விடும். 2.4 ஐத் தாண்டினாலே செல் நன்றாகக் கொதிக்க ஆரம்பிக்கும், அதாவது தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து மூடி வழியே போகும். கணக்கும் எளிது. ஒரு ஆம்பியர்-மணி வீணாகப் பாய்ந்தால் ஒரு செல்லில் மூன்றில் ஒரு கிராம் தண்ணீர் போகும். ஒரே ஒரு ஆம்பியர் நாள் முழுக்க ஓடினால் செல்லுக்கு 8 கிராம், மாதத்துக்குக் கால் லிட்டர், ஐந்து செல்லுக்கு ஒன்றேகால் லிட்டர். நீங்கள் மாதம் ஊற்றுவது அந்த அளவுதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அதே ஆம்பியர் நான்காவது செல் வழியாகவும் போகத்தானே வேண்டும், அது ஏன் தண்ணீர் குடிக்கவில்லை? உள்ளே பாசிட்டிவுக்கும் நெகட்டிவுக்கும் இடையே மெல்லிய ஷார்ட் இருந்தால் கரண்ட் அந்தக் குறுக்கு வழியில் போய்விடும். தண்ணீரைப் பிரிக்கும் வேலையும் நடக்காது, பிளேட் சார்ஜ் ஆகும் வேலையும் நடக்காது. கீழே உதிர்ந்து சேர்ந்த தூளோ, பிளேட்டுகளுக்கு நடுவே உள்ள தடுப்பான செப்பரேட்டரைச் சுற்றி வளர்ந்த ஈய முடியோ காரணமாக இருக்கலாம். சும்மா வைத்திருந்தாலும் அந்தச் செல் தன்னைத்தானே காலி செய்துகொள்ளும்.

இனி அந்த நாற்பது நிமிடம். 300 வாட் லோடுக்கு இன்வெர்ட்டரின் சொந்த நஷ்டமும் சேர்ந்து பேட்டரியிலிருந்து சுமார் 30 ஆம்பியர் போகும். நாற்பது நிமிடத்துக்கு 20 ஏஎச். நான்காவது செல்லில் இருந்ததே அவ்வளவுதான். அது தீர்ந்ததும் அதன் வோல்டேஜ் சரிந்து அரை வோல்ட்டுக்கு வருகிறது. மற்ற ஐந்தும் லோடில் 2.0 வீதம் 10.0 கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மொத்தம் 10.5 ஆகி இன்வெர்ட்டர் நிறுத்திவிடுகிறது. ஐந்து செல்லிலும் முக்கால் பங்குக்கு மேல் சரக்கு அப்படியே இருக்கிறது, எடுக்கத்தான் வழியில்லை.

ஆனாலும் உடனே தூக்கிப் போட வேண்டாம், ஒரு சோதனை மிச்சம் இருக்கிறது. கிராவிட்டி குறைவுக்கு ஷார்ட் ஒரு காரணம், சல்பேட் இறுகிப்போனது இன்னொரு காரணம். இரண்டாவது என்றால் கொஞ்சம் மீட்கலாம். பேட்டரிக் கடையில் கொடுத்து 5 ஆம்பியரில் 24 மணி நேரம் ஈக்வலைஸ் சார்ஜ் (எல்லா செல்லையும் சமமாக்கும் கூடுதல் சார்ஜ்) போடச் சொல்லுங்கள். கடைசியில் வோல்டேஜ் 15.5, 16 வரை ஏறும், அதனால் இன்வெர்ட்டரோடு இணைத்து இதைச் செய்யக் கூடாது. பேட்டரி சூடு 50 டிகிரியைத் தொட்டால் நிறுத்திவிட வேண்டும். எல்லா செல்லும் ஒரே மாதிரி கொதிக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். முடிந்ததும் ஆறு எண், பிறகு ஒயரே இல்லாமல் 24 மணி நேரம் வைத்து மறுபடி ஆறு எண். முக்கியமானது இரண்டாவது தடவை எடுப்பதுதான்.

குறுக்குக்கேள்வி_95 கேட்டது:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றினால்தான் இப்படி ஆகும் என்கிறார்களே? ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர் ஊற்றலாமா? அதுவும் ஆவி குளிர்ந்து வந்ததுதானே?

கம்பிவேலை:

ஆவியிலிருந்து வந்ததுதான். ஆனால் அது எதன் மேல் வழிந்து வருகிறது? தூசி படிந்த அலுமினியத் தகடு, செம்புக் குழாய், பாசி பிடித்த தட்டு. செம்பும் இரும்பும் கொஞ்சம் உள்ளே போனாலும் செல் தானாகவே சார்ஜ் இழக்கும். ஏ.சி. தண்ணீர் வேண்டாம்.

ஆர்.ஓ. தண்ணீர் குடிப்பதற்கு. டி.டி.எஸ். 80 என்றால் ஒரு லிட்டரில் 80 மில்லிகிராம் உப்பு. பேட்டரியிலிருந்து தண்ணீர் மட்டும்தான் வெளியே போகிறது, உப்பு உள்ளேயே தங்கிவிடும். மாதம் ஒரு லிட்டர் வீதம் மூன்று வருடம் ஊற்றினால் மூன்று கிராம் உப்பு சேர்ந்திருக்கும். அதில் குளோரைடு பாசிட்டிவ் பிளேட்டை அரிக்கும். ஒரே தடவை அவசரத்துக்கு ஊற்றியதால் பேட்டரி சாகாது, பழக்கமானால்தான் கெடுதல். திருச்சிக்காரர் பேட்டரியில் ஐந்து செல்லும் ஒரே மாதிரி 1230க்கு மேல் நிற்கிறது. தண்ணீர்தான் குற்றவாளி என்றால் ஆறும் சேர்ந்து இறங்கியிருக்கும்.

கடையில் டிஸ்டில்டு வாட்டர் என்றோ பேட்டரி தண்ணி என்றோ கேட்டு, சீல் உடைக்காத கேனாக வாங்குங்கள். திறந்த கேனைப் பாத்ரூம் மூலையில் மூடியில்லாமல் வைத்தால் வாங்கிய பலன் போச்சு. இரும்புப் புனல் வேண்டாம், பிளாஸ்டிக் புனல் போதும்.

எப்போது ஊற்றுவது என்பதில்தான் பலர் தவறு செய்கிறார்கள். சார்ஜ் முடிந்த பிறகு ஊற்ற வேண்டும். சார்ஜ் ஏறும்போது மட்டம் கொஞ்சம் உயரும். காலியான பேட்டரியில் பச்சைக் கோடு வரை நிரப்பிவிட்டு சார்ஜ் போட்டால் மூடி வழியே ஆசிட் கசியும், மேலே வெள்ளைப் படலம் படியும், செல்லில் ஆசிட்டும் குறைந்துவிடும். ஒரே விதிவிலக்கு, பிளேட் வெளியே தெரியும் அளவுக்கு வற்றியிருந்தால். அப்போது பிளேட் மூழ்கும் வரை மட்டும் முதலில் ஊற்றி, சார்ஜ் போட்டு, பிறகு கோடு வரை நிரப்ப வேண்டும். காற்றுப்பட்ட நெகட்டிவ் பிளேட் ஆக்சைடாகிவிடும், அந்தப் பகுதி பழைய நிலைக்குத் திரும்புவது கஷ்டம்.

மாடிவீடு_திருச்சி:

கடையில் போட்டு வாங்கி வந்தேன். சார்ஜின் கடைசியில் ஐந்து செல்லும் சோடா பாட்டில் போலப் பொங்கியதாம், நான்காவது சும்மா கிடந்ததாம். சார்ஜ் முடிந்தவுடன் எண்கள் 1240, 1240, 1240, 1165, 1240, 1240. ஒயர் இல்லாமல் ஒரு நாள் வைத்த பிறகு ஐந்தும் அப்படியே, நான்காவது 1120.

பழைய_மீட்டர்:

அப்படியானால் ஷார்ட்தான். இறுகிய சல்பேட் என்றால் ஏறாமல் அடம்பிடிக்கும், ஆனால் ஏறியது ஒரே நாளில் 45 புள்ளி இறங்காது. இதற்கு மருந்து இல்லை. பழைய காலத்துத் தார் ஊற்றிய ரப்பர் பெட்டி பேட்டரியில் செல்லுக்குச் செல் வெளியே ஈயப் பட்டை தெரியும், ஒரு செல்லை மட்டும் கழற்றி பிளேட் மாற்றிவிடுவார்கள். இப்போதைய பிளாஸ்டிக் பெட்டியில் மூடி உருக்கி ஒட்டப்பட்டது, இணைப்பு சுவருக்குள்ளேயே இருக்கிறது. பவுடர், லிக்விட், இந்துப்பு, எப்சம் உப்பு என்று யார் எதை விற்க வந்தாலும் ஷார்ட்டை எடுக்காது.

அதை இணைத்து வைத்துக்கொண்டு ஓட்டவும் வேண்டாம். நான்காவது செல் முழு ஷார்ட் ஆகிவிட்டால் சார்ஜர் ஓயாமல் ஐந்து செல்லைக் கொதிக்கவிடும். பேட்டரி சூடாகும், பக்கச் சுவர் உப்பும், அழுகிய முட்டை நாற்றம் வரும். அந்த நாற்றம் வந்தால் முதலில் மெயினை அணையுங்கள், ஜன்னலைத் திறங்கள், ஆறும் வரை பக்கத்தில் ஸ்விட்ச் எதையும் தட்டாதீர்கள். ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதம் இருந்தாலே பொறி பட்டால் வெடிக்கும்.

பழைய பேட்டரியைப் புதியது வாங்கும் கடையிலேயே கொடுத்துவிடுங்கள், ஈயத்துக்கு விலை கழிப்பார்கள். 2022 பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி திரும்பச் சேகரித்து மறுசுழற்சி செய்யும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. ஆசிட்டைச் சாக்கடையில் கொட்டிவிட்டுக் காலிப் பெட்டியாகக் கொண்டு போகாதீர்கள்.

மாடிவீடு_திருச்சி:

தெளிவாகிவிட்டது, மிக்க நன்றி. புதியது வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்? இன்னொன்று, ஏப்ரல் மே இரண்டு மாதம் வீடு பூட்டியிருக்கும். அப்போது என்ன செய்வது?

கம்பிவேலை:

150 ஏஎச் என்று எழுதியிருப்பதற்குப் பக்கத்தில் சி20 என்றிருக்கிறதா, சி10 என்றிருக்கிறதா பாருங்கள். சி20 என்றால் 7.5 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் கொடுக்கும். உங்கள் லோடு 30 ஆம்பியர். அந்த வேகத்தில் எடுத்தால் 120 ஏஎச் பக்கம்தான் கிடைக்கும், நான்கு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். அதே 150 சி10 இல் எழுதியிருந்தால் உள்ளே சரக்கு கூடுதல். இரண்டு பேட்டரியைத் தூக்கிப் பார்த்தாலே ஓரளவு தெரியும். ஒரே ஏஎச் எழுதிய இரண்டில் கனமானதில் ஈயம் கூடுதல். கடைக்காரர் முறைப்பார், பரவாயில்லை.

வாங்கும்போதே ஹைட்ரோமீட்டரோடு போய் ஆறு எண்ணையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். செல்லுக்குச் செல் 10 புள்ளிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வேறு பேட்டரி கேளுங்கள். பிறகு வருடக்கணக்கில் ஒப்பிட அந்தச் சீட்டு போதும். ஒரு செல் மட்டும் மற்றவற்றிலிருந்து 30 புள்ளி விலகினால் கவனம், 50 விலகினால் சிக்கல்.

வீட்டுக்கு வந்ததும் முதல் 12 மணி நேரம் லோடு கொடுக்காமல் சார்ஜ் ஏறட்டும். இன்வெர்ட்டரின் பின்பக்கம் பேட்டரி வகை ஸ்விட்ச் இருக்கும். அது டியூபுலரில் இருக்க வேண்டும். எஸ்.எம்.எஃப். (தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத சீல் பேட்டரி) பக்கம் தள்ளியிருந்தால் வோல்டேஜ் குறைவாகவே நின்று, ஆசிட் கலங்காமல் அடியில் காரமாகவும் மேலே நீர்த்தும் தேங்கிவிடும். சார்ஜ் ஆம்பியரை ஏஎச்சில் பத்தில் ஒரு பங்காக, 15 பக்கம் வையுங்கள்.

இடமும் முக்கியம். சமையலறை மேடைக்கு அடியிலும், மேற்கு வெயில் விழும் பால்கனியிலும் வைக்காதீர்கள். 10 டிகிரி சூடு கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. வெறும் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கும் என்பது மட்டும் பழைய காலத்துப் பேச்சு, இன்றைய பிளாஸ்டிக் பெட்டிக்குப் பொருந்தாது.

டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்தால், இன்வெர்ட்டரையும் மெயினையும் அணைத்துவிட்டு நெகட்டிவ் ஒயரை முதலில் கழற்றுங்கள். ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு ஸ்பூன் ஆப்பசோடா கலந்து பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் நுரைத்துக்கொண்டு போய்விடும். மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும், அந்தச் சோடா ஒரு சொட்டு செல்லுக்குள் போனாலும் ஆசிட்டை முறித்துவிடும். துடைத்து உலர்த்தி, பாசிட்டிவை முதலில் முறுக்குங்கள், பிறகு நெகட்டிவ். வாசலின் தடவுவது முறுக்கிய பிறகு, மேலே. முதலில் தடவிவிட்டு முறுக்கினால் இடையில் படலம் நின்று 30 ஆம்பியரில் அந்த இடம் சுடும்.

பூட்டிப் போகும் இரண்டு மாதத்துக்கு: மெயின் கரண்ட் இருக்கட்டும், இன்வெர்ட்டரின் முன்பக்க ஸ்விட்சை மட்டும் அணையுங்கள். பெரும்பாலான வீட்டு இன்வெர்ட்டர்கள் அப்போதும் சார்ஜ் போட்டுக்கொண்டே இருக்கும், லோடு மட்டும் போகாது. உங்களுடையது அப்படியா என்று கிளம்புவதற்கு முன்பே மீட்டர் வைத்துப் பாருங்கள். ஸ்விட்ச் அணைத்த நிலையில் பேட்டரியில் 13.5க்கு மேல் காட்டினால் சார்ஜ் ஏறுகிறது. முந்தின நாள் தண்ணீரைக் கோடு வரை நிரப்பிவிடுங்கள், கோட்டுக்கு மேல் வேண்டாம். மெயினையே அணைத்துவிட்டுப் போகிறவர் என்றால் முழு சார்ஜ் ஏற்றி நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட்டுப் போங்கள். நல்ல பேட்டரி மாதத்துக்கு ஐந்து சதவீதம் வரை தானாக இழக்கும், வெயில் காலத்தில் இன்னும் கொஞ்சம், இரண்டு மாதம் தாங்கும். ஒயரைக் கழற்றாமல் விட்டால் இன்வெர்ட்டர் போர்டு சொட்டு சொட்டாகக் குடித்துக் காலி செய்துவிடும். காலியாகக் கிடக்கும் ஒவ்வொரு வாரமும் சல்பேட் கல்லாகிக்கொண்டு வரும்.

குறுக்குக்கேள்வி_95:

கடைசியாக ஒன்று. லித்தியம் வாங்கி இதே இன்வெர்ட்டரில் மாட்டிவிட்டால் இந்தத் தண்ணீர் வேலையே இருக்காதே?

பழைய_மீட்டர்:

தண்ணீர் வேலை இருக்காது. ஆனால் இன்வெர்ட்டரில் லித்தியம் செட்டிங் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். லித்தியம் அயன் பாஸ்பேட் நான்கு செல் சேர்ந்தது 12.8 வோல்ட், முழு சார்ஜ் 14.2 முதல் 14.6 வரை. டியூபுலர் செட்டிங்கில் ஈக்வலைஸ் என்று 15க்கு மேல் தூக்கினால் உள்ளே இருக்கும் பி.எம்.எஸ். என்ற பாதுகாப்பு சர்க்யூட் துண்டித்துக்கொள்ளும். துண்டித்த நொடியில் இன்வெர்ட்டர் பேட்டரி இல்லை என்று அலாரம் அடிக்கும், அதைப் பார்த்துப் புது பேட்டரியே கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். இன்னொரு சிக்கல், இதன் வோல்டேஜ் 80 சதவீதத்திலும் 30 சதவீதத்திலும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். இன்வெர்ட்டர் முகப்பில் தெரியும் சார்ஜ் கோடுகளை நம்பி டிவி பார்த்துக்கொண்டிருந்தால் மூன்று கோடு இருக்கும்போதே நின்றுவிடும்.